கூகரின் இளசு குட்டியா குருளையா? மண்டபப் போட்டியில் பறிபோன மார்க்

பால்மரத்துக்காரன் (சுங்கை சிப்புட்):
நேற்று ராத்திரி 'மரபு காப்போம்' ஐயா போட்டதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்கு வைத்த பொது அறிவுப் போட்டியில் கூகரின் (பூமா என்கிறார்களே, அமெரிக்கக் கண்டங்களில் வாழும் பெரிய பூனையின விலங்கு) இளசுக்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். என் மகள் 'குட்டி' என்று எழுதினாள். அடித்துவிட்டு, சிவப்பு மையில் 'குருளை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐயா அதற்கு வக்காலத்து வாங்கி, குட்டி என்று எழுதுகிறவர்களுக்கு மரபு தெரியாது என்கிறார். கூகர் புலியே இல்லை ஐயா. புலி, சிங்கம், சிறுத்தை மாதிரி அதற்குக் கர்ஜிக்க வராது, வீட்டுப் பூனை மாதிரி தொண்டைக்குள் குறுகுறுக்கும். அதற்கு நெருங்கிய சொந்தம் ஜாகுவருண்டி என்ற காட்டுப்பூனையும் சிவிங்கிப்புலியும் (சீட்டா) தான்.

மரபு காப்போம்:
தம்பி, தொல்காப்பியம் மரபியலைத் திறந்து பாருங்கள். 'நாயே பன்றி புலிமுயல் நான்கும் ஆயுங் காலைக் குருளை என்ப.' புலிக்குக் குருளை. கூகருக்குச் சொந்தம் சிவிங்கிப்புலி என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். புலிக்குச் சொந்தம் புலி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பால்மரத்துக்காரன்:
பெயரில் புலி இருந்தால் புலியாகிவிடுமா? சிவிங்கிப்புலிக்கும் கர்ஜனை கிடையாது. அதே மரபியலில் 'மூங்கா வெருகெலி மூவரி அணிலொடு ஆங்கவை நான்கும் குட்டிக்கு உரிய' என்று இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வெருகு காட்டுப்பூனை. கூகர் அந்தப் பக்கத்து ஆள். அதற்குக் குட்டிதான்.

மரபு காப்போம்:
ஆண் கூகர் 60 கிலோவைத் தாண்டும், மானை அடித்து இழுத்துப் போகும். அதைக் கோழி திருடுகிற வெருகோடு சேர்ப்பதா? நான் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவன். சிவிங்கிப்புலி என்று நீங்கள்தான் எழுதினீர்கள், நான் எழுதவில்லை.

செம்பனை ராஜா:
அண்ணே, எங்கள் தோட்டத்திலேயே கூகர் குட்டி கிடைத்தது. குலை வெட்டப் போனபோது நிரையில் கிடந்தது. உடம்பெல்லாம் புள்ளி, நெற்றியில் வெள்ளைக் கோடு, காதுக்குப் பின்னால் வெள்ளைப் பொட்டு. உள்ளங்கை அளவுதான் இருக்கும், கையுறையைக் கடித்து ஓட்டை போட்டுவிட்டது.

லயத்து அக்கா:
ராஜா, அது கூச்சிங் பத்து, நம் ஊர்ப் புள்ளிக் காட்டுப்பூனை. எலி பிடிக்கச் செம்பனைக்குள் வரும். கூகர் ஒரே நிறம், அதற்கு ஏது புள்ளி?

பால்மரத்துக்காரன்:
அக்கா சொல்வது சரி, அது கூச்சிங் பத்துதான். ஆனால் கூகர் குட்டிக்கும் புள்ளி உண்டு. பிறக்கும்போது உடம்பெல்லாம் கரும்புள்ளி, வாலில் வளையம், கண் நீலம். வளர வளரப் புள்ளி மங்கும், வளர்ந்த பிறகுதான் ஒரே நிறம். 1771-இல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் அதற்கு 'ஒரே நிறம்' என்று பொருள்படும் கொன்கலர் என்ற பெயர் வைத்ததும் வளர்ந்ததைப் பார்த்துத்தான். தாய் ஒன்றரை வருஷம் போலக் கூடவே வைத்துக்கொண்டு வேட்டை பழக்கும். கனடாவிலிருந்து சிலி, அர்ஜென்டினாவின் தெற்கு வரை இருக்கிறது, நம் பேராக் மாநிலத்தில் கிடையாது. ராஜா, அந்தக் குட்டியை எடுத்த இடத்திலேயே விட்டீர்களா? 2010 வனவிலங்குச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்டது, பெர்ஹிலித்தான் (வனவிலங்குத் துறை) கேள்விப்பட்டால் வம்பு.

செம்பனை ராஜா:
விட்டாச்சு விட்டாச்சு. நான் என்ன விற்றா தின்றேன்? போன பொங்கலுக்கு வசூல் பண்ணிவிட்டுக் கணக்குக் காட்டாதவர் எனக்குச் சட்டம் சொல்கிறார்.

பால்மரத்துக்காரன்:
கணக்கைக் கோயில் பலகையில் ஒட்டினேன், எல்லாரும் படித்தார்கள். பேச்சை மாற்றாதீர்கள்.

மரபு காப்போம்:
சிவிங்கிப்புலிக்கு இன்னும் பதில் வரவில்லை.

பால்மரத்துக்காரன்:
ஐயா, நீங்கள் சொல்கிறபடி புலி என்றே வைத்துக்கொள்வோம். குருளை சொன்ன நூற்பாவுக்குப் பின்னாலேயே 'குட்டியும் பறழும் கூற்றவண் வரையார்' என்று வருகிறது. குருளைக்குரிய விலங்குகளையும் குட்டி என்று சொல்லலாம், பறழ் என்றும் சொல்லலாம், தடையில்லை. பூனை என்றாலும் குட்டி, புலி என்றாலும் குட்டி. இங்கிலீஷ்காரனே கூகருக்குக் கப், கிட்டன் இரண்டையும் சொல்கிறான். பிறகு எதற்காக ஒரு சின்னப் பிள்ளையின் மார்க்கைப் பிடுங்கினீர்கள்? அவள் அந்தத் தாளை யாருக்கும் காட்டாமல் பைக்குள் மடித்து வைத்திருக்கிறாள்.

மரபு காப்போம்:
'வரையார்' என்றால் விலக்க மாட்டார்கள், அவ்வளவுதான். சிறப்பான பெயர் குருளை. போட்டியில் சிறப்பான பெயரைத்தான் கேட்பார்கள்.

பால்மரத்துக்காரன்:
கேள்வித்தாளில் 'சிறப்பான பெயர்' என்று எங்கே இருந்தது? என்னிடம் தாள் இருக்கிறது. 'கூகரின் இளசுக்குப் பெயர் என்ன', அவ்வளவுதான்.

லயத்து அக்கா:
தம்பி, என் மகனும் குட்டி என்றுதான் எழுதினான். அவனுக்கு மட்டும் சரி போட்டிருக்கிறார்களே, எப்படி?

மரபு காப்போம்:
திருத்தியது நான் மட்டுமில்லை. சிவிங்கிப்புலி என்று எழுதியவர் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும்.

பால்மரத்துக்காரன்:
அக்கா, அந்தத் தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஐயா, ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வருகிறேன், மரபியலோடு.

செம்பனை ராஜா:
அப்படியே பொங்கல் கணக்கையும் கொண்டு வாருங்கள்.