பேப்பர் போட்ட பிறகு "பேப்பர் இல்லை"ன்னு எரர் வருது, உதவி தேவை

கணக்குப்பிரிவு: அவசரம். பேப்பர் தீர்ந்தா கம்ப்யூட்டர்ல உடனே சொல்ல மாட்டேங்குது. பேப்பர் போட்டு எல்லாம் பிரிண்ட் ஆன பிறகு மெதுவா எரர் வருது. அதைப் பார்த்துட்டு திரும்ப பிரிண்ட் கொடுக்கறாங்க, எல்லாம் ரெண்டு ரெண்டு காப்பி. டிரைவரை அழிச்சு மறுபடி போட்டாச்சு.

கேபிள்சுருள்: யுஎஸ்பியா, நெட்வொர்க்கா? எந்த விண்டோஸ்? எவ்வளவு நேரம் லேட்?

டோனர்தூள்: ஸ்பூலர்ல (பிரிண்ட் வேலைகளை வரிசையில வச்சு அனுப்பற விண்டோஸ் சர்வீஸ்) குப்பை. சர்வீசஸ்ல பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்க. சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கறதை மட்டும் அழிச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க.

மூத்தகை: ஸ்பூலர் சிக்கினா பிரிண்டே நின்னுடும். இவருக்கு பிரிண்ட் வருது, தகவல்தான் லேட். கேள்வியைப் படிச்சுட்டு பதில் போடற பழக்கம் இங்க எப்பதான் வருமோ.

கேபிள்சுருள்: எரரைக் காட்டறது விண்டோஸா, பிரிண்டரோட வந்த ஸ்டேட்டஸ் மானிட்டரா? பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல போர்ட்ஸ் பக்கம் போய் டிக் இருக்கற வரியை அப்படியே எழுதுங்க.

கணக்குப்பிரிவு: விண்டோஸ் 10, நெட்வொர்க். ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட்னு இருக்கு. எரர் விண்டோஸோடதுதான். சுமார் 10 நிமிஷம் லேட்.

கேபிள்சுருள்: அந்த 10 தான் விஷயம். இந்த போர்ட்ல பிரிண்டர் தானா எதையும் சொல்லாது. விண்டோஸ்தான் எஸ்என்எம்பி (நெட்வொர்க் சாதனத்தோட நிலையைக் கேட்கற முறை) வழியா, யுடிபி 161ல போய்க் கேட்கும், அந்த இடைவெளி டிஃபால்ட்டா 10 நிமிஷம். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் செட்டிங் எல்லாம் இருக்கற இடம்) பேக்கப் எடுத்துட்டு லோக்கல் மெஷின், சிஸ்டம், கரண்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், பிரிண்ட், மானிட்டர்ஸ், ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி போர்ட், போர்ட்ஸ் வரை போங்க. அங்க ஸ்டேட்டஸ் அப்டேட் இன்டர்வல் இருக்கும். "ஏ"ன்னு தெரிஞ்சா பயப்படாதீங்க, 10ஐ ஹெக்ஸ்ல (16 அடிப்படை எண்முறை) எழுதினா அப்படித்தான் வரும். டெசிமலுக்கு மாத்தி 2 போடுங்க. யாரும் பிரிண்ட் கொடுக்காத நேரமா பார்த்து ஸ்பூலரை ரீஸ்டார்ட் பண்ணுங்க. பிரிண்டர் சர்வர்ல இருந்து ஷேர் ஆகியிருந்தா இதெல்லாம் சர்வர்ல செய்யணும்.

டோனர்தூள்: எதுக்கு இவ்வளவு? கான்ஃபிகர் போர்ட்ல எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் டிக்கை எடுத்தா முடிஞ்சது.

மூத்தகை: காய்ச்சல்னு தெர்மாமீட்டரை ஒளிச்சு வைக்கற வேலை. டிக் எடுத்தா அந்த வழியா பேப்பர் இல்லைங்கற தகவலும் வராது.

டோனர்தூள்: கம்யூனிட்டி பேரை (எஸ்என்எம்பிக்கு பாஸ்வேர்ட் மாதிரி) "பப்ளிக்"ல இருந்து மாத்தின இடத்துல டிக் இருந்தா, நல்லா ஓடற பிரிண்டர் ஆஃப்லைன்னு நிக்கும். அங்க என்ன செய்வீங்களாம்?

மூத்தகை: அதே பேரை போர்ட் செட்டிங்லயும் போடணும். அதுக்குத்தான் அந்தக் கட்டமே இருக்கு.

டோனர்தூள்: பிரிண்டர்லயே எஸ்என்எம்பி ஆஃப்னா?

கேபிள்சுருள்: அப்ப டிக் எடுக்கறதுதான் சரி. இவருக்கு எரர் வருதே, அப்ப ஆன்லதான் இருக்கு. சண்டையைத் தனி இழையில போடுங்கப்பா.

கணக்குப்பிரிவு: 2 போட்டாச்சு. இப்ப சீக்கிரம் வருது. நன்றி.

புதுவரவு: எனக்கும் இதே பிரச்சினை, ஆனா போர்ட் பேர் டபிள்யூஎஸ்டின்னு ஆரம்பிக்குது. அதே 2 தானா?

கேபிள்சுருள்: டபிள்யூஎஸ்டிங்கறது நெட்வொர்க்ல பிரிண்டரை விண்டோஸ் தானா கண்டுபிடிச்சு சேர்க்கற வேற வகை போர்ட், அந்த செட்டிங் அதுக்குப் பொருந்தாது. முதல்ல ரௌட்டர்ல பிரிண்டருக்கு ஐபியை ரிசர்வ் பண்ணுங்க. பிறகு ஆட் போர்ட்ல ஸ்டாண்டர்ட் டிசிபி/ஐபி தேர்ந்தெடுத்து அந்த ஐபியைக் கொடுங்க. டெஸ்ட் பேஜ் வந்த பிறகு இன்டர்வலைத் தொடலாம்.