விளையாட்டு வீரரின் பெரிய இதயத்துக்கு ஒரு சொல்

உடற்கல்வி ஆசிரியர்:
வணக்கம். எங்கள் பயிற்சிக் கையேடு திங்களன்று அச்சுக்குப் போகிறது. பல வருடம் கடுமையாகப் பயிற்சி செய்பவர்களின் இதயம் பெரிதாகி, துடிப்பு குறைகிறதே, அதற்கு ஒரு சொல் வேண்டும். 'இதய வீக்கம்' என்று எழுதியிருந்தேன். நெடுந்தூரம் ஓடும் என் மாணவியின் அம்மா அதைப் படித்துவிட்டு, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கடிகாரம் பார்த்து எண்ணினார். 46. "ஓடினது போதும்" என்று கையோடு கூட்டிப் போய்விட்டார்.

மருத்துவர்:
வீக்கம் வேண்டவே வேண்டாம் சார், அது நோயின் பெயர். அந்தப் பெண்ணுக்கு மயக்கம், நெஞ்சுவலி இல்லையென்றால் 46 பயப்படும் எண் இல்லை. இடது கீழறை விரிந்து, ஒரு துடிப்பிலேயே கூடுதல் ரத்தத்தைத் தள்ளும். 1899-லேயே சுவீடன் மருத்துவர் ஹென்ஷன், பனிச்சறுக்கு வீரர்களின் மார்பை விரலால் தட்டிப் பார்த்தே இதைக் கண்டுபிடித்தார். 'தடகள இதயம்' போதாதா?

மொழிபெயர்ப்பாளர்:
படகு வலிப்பவர் தடகளத்தில் இல்லையே டாக்டர். 'வீர இதயம்' என்றால் துணிச்சலாகிவிடும்.

தமிழாசிரியர்:
இதயம் வடசொல். 'உரநெஞ்சு' என்பேன். உரம் வலிமை, மார்பு இரண்டுக்கும் ஆகும். உரன், உரவோன், உரப்பு எல்லாம் ஒரே வேர். உரப்பு என்றால் தடிப்பு. இதயச் சுவரும் தடிக்கிறதே!

மருத்துவர்:
எடை தூக்குபவருக்குத்தான் சுவர் அதிகம் தடிக்கும் ஐயா. ஓடுபவருக்கு அறை விரிவதே முக்கியம்.

உடற்கல்வி ஆசிரியர்:
எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உரம் என்றால் யூரியா, ஐயா.

மொழிபெயர்ப்பாளர்:
'பயிலிதயம்'? வினைத்தொகை. ஊறுகாய் மாதிரி மூன்று காலமும் அதற்குள் அடங்கும்.

மருத்துவர்:
நன்றாகப் பொருந்துகிறது. பயிற்சியை நிறுத்தினால் சில மாதங்களில் அந்தத் தடிப்பு குறையும். நோயால் தடித்த சுவர் அப்படிக் குறையாது. ஆனால் இந்தச் சொல்லைச் சொல்லி யாரையும் சமாதானப்படுத்தி அனுப்பிவிடாதீர்கள். சுவர் 13 மி.மீ.க்கு மேல் போனால் நோயா என்று பார்த்தே ஆக வேண்டும். 2003-ல் கேமரூன் கால்பந்து வீரர் ஃபோ ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தாரே, அவருக்கு இருந்தது இதயத்தசை தடிக்கும் நோய்.

தமிழாசிரியர்:
வினைத்தொகை சரி, கலப்பு எதற்கு? 'பயில்நெஞ்சு' என்னுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
புணர்த்தினால் 'பயினெஞ்சு' ஆகும் ஐயா. யாருக்குப் புரியும்?

தமிழாசிரியர்:
நாலு முறை படித்தால் புரியும். இதயமும் அப்படிப் பழகியதுதானே?

உடற்கல்வி ஆசிரியர்:
மூன்று பேர் பயிலிதயம் என்கிறோம், அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன். ஓடும்போது மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே மருத்துவரிடம் போகச் சொல்லி, அடுத்த வரியிலேயே சேர்த்துவிட்டேன். மாலை அந்த அம்மாவைப் பார்க்கப் போகிறேன்.

தமிழாசிரியர்:
போய் வாருங்கள் தம்பி. அடைப்புக்குறிக்குள்ளாவது பயினெஞ்சு இருக்கட்டும்.