முந்திரி 'போடவில்லை' என்றார்கள்

என் மகனுக்கு முந்திரியும் பிஸ்தாவும் ஆகாது. 'ஆகாது' என்று எழுதவே தயக்கமாக இருக்கிறது. கத்தரிக்காய் ஆகாது என்றால் அரிப்பு வரும், பால் ஒத்துக்கொள்ளாது என்றால் வயிறு கலக்கும், அவ்வளவுதான் நாம் நினைப்போம். இவனுக்குத் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும். இந்த வித்தியாசத்தை ஹோட்டல் மேசையில் உட்கார்ந்தபடி ஒரு நிமிடத்தில் புரியவைக்க வேண்டும். ஐந்து வருடமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன்.

அப்போது அவனுக்கு நாலு வயது. முந்திரி சாப்பிட்டால் தடிப்பு வரும் என்பது மட்டும் தெரியும். சென்னையிலிருந்து திருச்சி போகும்போது, திண்டிவனம் தாண்டி ஒரு பெரிய ஹோட்டலில் நிறுத்தினோம். அவனுக்குப் பரோட்டாவும் வெஜ் குருமாவும் சொன்னோம். "தம்பி, குருமாவுல முந்திரி போட்டிருக்கா?" என்று பரிமாறியவரிடம் கேட்டேன். "இல்லக்கா" என்றார். கிண்ணத்தைக் கிளறியும் பார்த்தேன், ஒரு பருப்புகூட இல்லை.

இரண்டு வாய்தான் சாப்பிட்டான். உதடு தடித்தது. கழுத்தெல்லாம் பட்டை பட்டையாகச் சிவந்தது. அப்புறம் இருமல், வாந்தி. "அம்மா" என்று கூப்பிட்ட குரல் அவன் குரலாகவே இல்லை. கையில் இருந்த அலர்ஜி சிரப்பைக் கொடுத்துவிட்டு விழுப்புரத்துக்கு விரட்டினோம். அந்த சிரப் அரிப்பைக் குறைக்குமே தவிர மூச்சடைப்பை நிறுத்தாது என்று அன்று எனக்குத் தெரியாது. மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் மூச்சு சீரானது. சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம் என்பதால் இரவு முழுவதும் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள்.

ஊர் திரும்பும்போது என் கணவர் அதே ஹோட்டலில் இறங்கி விசாரித்தார். அந்தத் தம்பி பொய் சொல்லவில்லை. குருமாவில் முந்திரி போடவில்லைதான், அரைத்து விட்டிருந்தார்கள். பொங்கலிலும் கேசரியிலும் நெய்யில் வறுத்துப் போடுகிறோமே, அதுதான் அவருக்கு 'முந்திரி போடுவது'. நான் கேட்டதற்கு அவர் சரியாகவே பதில் சொல்லியிருக்கிறார். கேட்ட விதம்தான் தப்பு.

அன்றிலிருந்து "முந்திரி இருக்கா?" என்று முதலில் கேட்பதே இல்லை. "இதுக்கு என்னென்ன அரைச்சு விடுறீங்க?" என்றுதான் ஆரம்பிப்பேன். முதல் கேள்விக்கு 'இல்லை' என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிடலாம். இதற்கு அப்படி முடியாது. தெரியாதவர் உள்ளே போய் மாஸ்டரைக் கேட்டுத்தான் வர வேண்டும். தேங்காய், சோம்பு, கசகசா என்று அடுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் "கொஞ்சம் முந்திரி" என்பார்கள். எத்தனையோ முறை அந்தக் 'கொஞ்சம்' எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இப்போது பரிமாறுகிறவர்களில் நிறைய பேர் வடமாநிலத்துப் பிள்ளைகள், அவர்களிடம் 'காஜு' என்று சொல்ல வேண்டும். தமிழிலும் இந்தியிலும் எழுதிய அட்டை ஒன்று என் பர்ஸில் எப்போதும் இருக்கும். 'அலர்ஜி' என்ற சொல் அதில் இரண்டாவது வரியில்தான் வரும். முதல் வரி: 'இதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு மூச்சு நின்றுவிடும்.'

கும்பகோணத்தில் ஒரு சின்ன மெஸ்ஸை மறக்க முடியாது. அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர் திரும்பவில்லை. மாஸ்டரே தோள் துண்டில் கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். "தோசை வேண்டாம்மா. ரவா தோசைக்கு முந்திரி தூவுற அதே கல்லுலதான் எல்லா தோசையும் ஊத்துறோம். இட்லி தர்றேன். வெளியில இருக்கிற சாம்பார் வாளியில குருமா கரண்டி விழுந்திருந்தாலும் விழுந்திருக்கும், உள்ள அண்டாவுலேருந்து எடுத்துட்டு வர்றேன்" என்றார். கல்லைப் பற்றியும் கரண்டியைப் பற்றியும் நான் கேட்கவே இல்லை. அவர் தன் அடுக்களையை மனதுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பதில் சொன்னார். இட்லி வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. போகும்போது அவர் என் மகனைக் கூப்பிட்டு, "அடுத்த தடவையும் வந்து என்னைக் கேளு தம்பி" என்றார்.

என் அனுபவத்தில், பில் தொகை ஏற ஏற முந்திரியும் ஏறுகிறது. பனீர் பட்டர் மசாலா மாதிரியான கிரேவிகளுக்கு முந்திரி விழுதுதான் அடிப்படை. சாதாரணக் கடைகளில் அந்த விலை கட்டாது, பொட்டுக்கடலையோ வேர்க்கடலையோ அரைத்துச் சேர்ப்பார்கள். எங்களுக்கு அது பிரச்சினை இல்லை. வேர்க்கடலை ஆகாதவர்கள் அங்கேதான் உஷாராக இருக்க வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி, பாக்கெட் உணவில் வேர்க்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், பால், முட்டை, மீன், சோயா முதலியவை இருந்தால் அச்சிட்டே ஆக வேண்டும். மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 இடங்களிலோ அதற்கு மேலோ கிளை உள்ளவையும் ஒவ்வாமை விவரத்தை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். பெரிய கடைகளில் நான் கூச்சப்படாமல் கேட்டு வாங்குகிறேன். எள், கடுகு இரண்டும் அந்தப் பட்டியலில் கிடையாது. அவை ஆகாதவர்கள் லேபிளை மட்டும் நம்ப வேண்டாம்.

எங்கே சாப்பிடப் போனாலும் ஊசி கூடவே வரும். பேனா மாதிரி அழுத்தும் ஊசி எங்கள் பக்கத்து மருந்துக்கடைகளில் கிடைக்கவில்லை. அதனால் மருத்துவர் அட்ரினலின் ஆம்பியூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) 1 மில்லி சிரிஞ்சும் எழுதிக் கொடுத்து, அவன் எடைக்கு எவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டினார். தொடையின் வெளிப்பக்கத்தில் போடும் விதத்தை வெறும் தண்ணீரையும் ஆரஞ்சுப் பழத்தையும் வைத்து எனக்கும் என் கணவருக்கும் பழக்கினார். நீங்களும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் அந்த மருந்தை விட்டுவிடக் கூடாது.

அவனுக்கு இப்போது ஒன்பது வயது. அடுத்த மாதம் மதுரை போகிறோம். ஹோட்டலில் உட்கார்ந்து குருமா தொட்டுப் பரோட்டா சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறான், திண்டிவனத்துக்குப் பிறகு அதை நாங்கள் ஆர்டர் செய்ததே இல்லை. மதுரையில் முந்திரி சேர்க்காமல், தேங்காயும் பொட்டுக்கடலையும் மட்டும் அரைத்துக் குருமா வைக்கும் கடை யாருக்காவது நேரில் தெரிந்திருந்தால் சொல்லுங்கள். முன்னாடியே போய் மாஸ்டரைப் பார்த்துப் பேசிவிட்டு, அப்புறம் அவனைக் கூட்டிப் போகிறேன்.