கேபசிட்டபின் மாத்திரையும் நெஞ்சுவலியும்: கடலூர், புதுச்சேரி அனுபவங்கள்

டேகேர் நர்ஸ், புதுச்சேரி:
கேபசிட்டபின் என்ற புற்றுநோய் (கீமோ) மாத்திரையை வாங்கிக்கொண்டு கடலூர் திரும்புகிறவர்களுக்கு வயிற்றுப்போக்கு, உள்ளங்கை தோல் உரிதல் எல்லாம் சொல்லி அனுப்புகிறோம். நெஞ்சுவலியைச் சொல்வது குறைவு. அபூர்வம்தான், ஆனால் வந்தால் பெரும்பாலும் முதல் சுற்றில், முதல் சில நாட்களுக்குள் வரும். வீட்டில் கேஸ் என்று நினைத்து ஜெலுசில் குடிப்பார்கள். ராத்திரி சாப்பிட்டதும் அடுத்த வேளை மாத்திரையையும் போடுவார்கள். கெடுவதே அங்கேதான்.

இந்த மாத்திரை உடம்புக்குள் போய் ஃபைவ் எஃப்யூ என்ற கீமோ மருந்தாக மாறுகிறது. அது இதய ரத்தக்குழாயைச் சுருங்க வைக்கலாம். பெரும்பாலும் அடைப்பே இருக்காது. சுகர், பிரஷர் இல்லாதவருக்கும் வரும். வலி நின்றதும் ஈசிஜி நார்மலாகிவிடலாம், அதனால் வலிக்கும்போதே எடுத்தாக வேண்டும். கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு, 108-ல் கடலூர் ஜி.எச்.சுக்கே போய், மாத்திரை அட்டையை முதலில் காட்டுங்கள். கீமோ என்று தெரியாவிட்டால் சாதாரண அட்டாக்காக நினைத்துப் பார்ப்பார்கள், அட்டை பையிலேயே கிடக்கும்.

மாத்திரைக்குப் பதில் ஃபைவ் எஃப்யூவையே ஏற்றும் 46 மணி நேர பம்ப் மாட்டியிருந்தால், வலி வந்ததும் டியூபில் இருக்கும் கிளாம்பை அழுத்தி மூடுங்கள். ஊசியை நீங்களாகப் பிடுங்க வேண்டாம், மருந்து தோலில் சிந்தும்.

மருந்தாளுநர், கடலூர்:
"டோஸைக் குறைத்துத் தொடரலாமா" என்று கேட்பார்கள். குறைத்தாலும் வலி திரும்பலாம். மறுபடி ஆரம்பிப்பதை ஆன்காலஜி (புற்றுநோய்) டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். ரால்டிட்ரெக்செட் என்று மாற்று மருந்தும் உண்டு.

எக்கோ டெக்னீஷியன், புதுச்சேரி:
சிவப்பு மருந்து, அதாவது டாக்சோரூபிசின் என்ற கீமோ ஊசி, வேறு ரகம். இதில் போட்ட மருந்தின் மொத்த அளவு ஆயுள் முழுக்கக் கணக்கில் ஏறும். சதுர மீட்டருக்கு 60 மி.கி. வீதம் 4 சுற்று என்றால் 240. 400-ல் சுமார் 5 சதவீதம் பேருக்கு இதயம் பலவீனமாகும், 550-ல் சுமார் 26. டிஸ்சார்ஜ் சம்மரியில் "4 சைக்கிள்" என்று மட்டும் இருந்தால் போதாது, மி.கி. கணக்கை எழுதி வாங்குங்கள். பத்து வருஷம் கழித்து வேறு மருத்துவமனையில் அதைத்தான் கேட்பார்கள்.

டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் ஊசி போடுகிறவர்களுக்கு 3 மாதத்துக்கு ஒரு எக்கோ (இதய ஸ்கேன்). இஎஃப், அதாவது ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம், 62 போய் 58 வந்ததும் பதறுவார்கள். அளவிடுவதிலேயே அந்த வித்தியாசம் வரும். 10 புள்ளி இறங்கி 50-க்குக் கீழே போனால் டாக்டர் பொதுவாக ஊசியை நிறுத்தி வைப்பார். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே மெஷினில் எடுங்கள்.