575 எத்தனைக்கு?

*முரளி:* பல நாடுகளில் 15 வயது மாணவர்களுக்கு நடத்துகிற பிசா தேர்வு இருக்கிறதே, அதன் 2022 பட்டியல் வந்தது, பார்த்தீர்களா? கணக்கில் சிங்கப்பூர் 575, முதலிடம். தேர்வை நடத்துகிற ஓஇசிடி, அதாவது பெரும்பாலும் பணக்கார நாடுகளின் அமைப்பு, அதன் நாடுகளின் சராசரி 472. 20 புள்ளி என்றால் ஒரு வருடப் படிப்பாம். அப்படியானால் அந்தப் பிள்ளைகள் 5 வருடம் முன்னால் இருக்கிறார்களா? கவினுக்கும் 15 வயது. கணக்குக்கு இன்னொரு டியூஷன் சேர்க்கலாமா என்று யோசிக்கிறேன் அக்கா.

*கவின்:* அத்தை, 575 எத்தனைக்கு?

*சித்ரா:* எத்தனைக்கும் இல்லை கவின். அது நீ வாங்குகிற மதிப்பெண் மாதிரி கிடையாது. 2003இல் ஓஇசிடி நாடுகளின் கணக்குச் சராசரியை 500 என்று வைத்து ஓர் அளவுகோல் செய்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு மாணவர்கள் 400க்கும் 600க்கும் நடுவில் வருவார்கள். அதற்குப் பிறகு வந்த தேர்வுகளை எல்லாம் அதே கோலால்தான் அளக்கிறார்கள்.

*சித்ரா:* முரளி, 20 புள்ளிக் கணக்கு ஒரு தோராயம். அதை ஐந்தால் பெருக்கி 5 வருடம் என்று சொல்லிவிட முடியாது. டியூஷன் பேச்சை இப்போதைக்கு விடு.

*கவின்:* சரி, தேர்வு எழுதியவர்களுக்கு அவரவர் மதிப்பெண் தெரியுமா?

*சித்ரா:* தெரியாது. மொத்தக் கேள்விகளையும் ஒரே பிள்ளை எழுதுவதில்லை. 2 மணி நேரத்தில் ஒருவருக்கு ஒரு பகுதி, பக்கத்தில் இருப்பவருக்கு வேறு பகுதி. எல்லாவற்றையும் சேர்த்து நாட்டின் நிலையை மதிப்பிடுகிறார்கள். ஒரு பிள்ளையை எடைபோட அந்தத் தேர்வு செய்யப்படவே இல்லை. அதை வைத்து வீட்டில் ஒரு பிள்ளையைத் திட்டினால் எனக்கு மனசு பொறுக்காது.

*ரேவதி:* அண்ணா, பட்டியலில் யாரை எண்ணியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பள்ளியில், அதுவும் ஏழாம் வகுப்பு அல்லது அதற்கு மேல் இருக்கிற 15 வயதுக்காரர்களுக்குத்தான் தேர்வு. 2022இல் வியட்நாமில் தேர்வுக்குத் தேர்ந்தெடுத்த மாணவர்கள், அந்த நாட்டின் 15 வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 68 சதவீதத்தினரைத்தான் பிரதிநிதித்துவப்படுத்தினார்கள். மற்றவர்கள் கணக்கிலேயே வரவில்லை. அதற்காக அவர்களுடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. குறைந்த வருமானத்தில் 469 எடுத்தது பெரிய விஷயம்தான்.

*முரளி:* 2018இல் சீனா 591 என்று படித்தேனே?

*ரேவதி:* அது சீனா முழுவதும் இல்லை. பெய்ஜிங், ஷாங்காய், ஜியாங்சு, ஜேஜியாங், இந்த நான்கு இடங்கள் மட்டும். தலைப்பில் ‘சீனா’ என்று போட்டுவிடுகிறார்கள்.

*முரளி:* அப்போது இந்தப் பட்டியலால் ஒரு பயனும் இல்லையா?

*சித்ரா:* இருக்கிறது. ஆனால் முதலிடத்தைப் பார்ப்பதால் இல்லை. அடிப்படைத் திறனுக்கு ‘இரண்டாம் நிலை’ என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இரண்டு வழிகளின் மொத்தத் தூரத்தை ஒப்பிடுவது, ஒரு விலையை வேறு நாணயத்துக்கு மாற்றுவது, இந்த அளவுக்குத்தான் அங்கே எதிர்பார்ப்பு. ஓஇசிடி நாடுகளில் பத்தில் மூன்று பேர் அந்தக் கோட்டைத் தொடவில்லை. பணக்கார நாடுகள் முரளி! சிங்கப்பூரில் 92 சதவீதம் பேர் தொட்டுவிட்டார்கள். 575ஐ விட எனக்கு அந்த 92தான் பெரியது. கடைசி பெஞ்சு பிள்ளையையும் விடாமல் இழுத்து வந்திருக்கிறார்கள். இத்தனை வருடம் வகுப்பில் நின்றவள் சொல்கிறேன், நன்றாகப் படிக்கிற நாலு பேரை இன்னும் மேலே ஏற்றுவது அவ்வளவு சிரமம் இல்லை.

*ரேவதி:* ஜெர்மனியில் நடந்ததைச் சொல்லுங்கள் அக்கா.

*சித்ரா:* ஆமாம். 2000இல் நடந்த முதல் தேர்வின் முடிவு 2001 டிசம்பரில் வந்தது. சராசரிக்குக் கீழே இருந்தார்கள். அதைவிட வலித்தது, பெற்றோரின் வசதிக்கும் பிள்ளையின் மதிப்பெண்ணுக்கும் அங்கே இருந்த இறுக்கமான தொடர்பு. ‘பிசா அதிர்ச்சி’ என்று நாடே பேசியது. அப்புறம் நாடு முழுமைக்கும் பொதுவான கல்வித் தரங்களை வகுத்தார்கள், முழுநாள் பள்ளிகளைப் பெருக்கினார்கள். எந்தப் பிள்ளை ஏன் விடுபட்டது என்று தேடினார்கள் பார், தேர்வு அதற்குத்தான்.

*முரளி:* பின்லாந்து?

*சித்ரா:* 2006இல் கணக்கில் 548, 2022இல் 484. கொரோனாவுக்கு முன்பே இறக்கம் தொடங்கிவிட்டது. ஒரு காலத்தில் உலகமே போய்ப் பார்த்துவிட்டு வந்த பள்ளிகள் அவை. காரணம் இதுதான் என்று ஒற்றை வரியில் யாராவது சொன்னால் நம்பாதே.

*கவின்:* அத்தை, ஒரு கேள்வி கொடுங்களேன். போட்டுப் பார்க்கிறேன்.

*சித்ரா:* பழைய கேள்விகள் சிலவற்றை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். அதில் ஒன்று. ஆண்கள் நடக்கும்போது n/P = 140 என்பது தோராயமாகப் பொருந்துமாம். n என்பது ஒரு நிமிடத்தில் வைக்கிற அடிகள், P என்பது ஓர் அடியின் நீளம், மீட்டரில். ஒருவர் நிமிடத்துக்கு 70 அடி வைக்கிறார். அவருடைய ஓர் அடி எவ்வளவு நீளம்?

*கவின்:* 140ஐ 70ஆல் வகுத்தால் 2. 2 மீட்டர்!

*சித்ரா:* எழுந்து நின்று ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு வா.

*கவின்:* 2 மீட்டருக்குக் கால் எட்டவில்லை அத்தை. தாண்டிக் குதிக்கத்தான் வேண்டும்.

*கவின்:* இருங்கள். 70ஐ P-ஆல் வகுத்தால் 140 வர வேண்டும். அப்படியென்றால் P = 0.5. அரை மீட்டர்.

*முரளி:* நானும் முதலில் 2 என்றுதான் போட்டேன்.

*சித்ரா:* ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். இதே மாதிரி இன்னும் ஐந்தாறு எடுத்து வைக்கிறேன்.