3வது தெரு குடியிருப்போர் குரூப்: ரோடு விசயம்

ஞாயிறு

செயலாளர் அண்ணா: எல்லாருக்கும் வணக்கம்ங்க 🙏 வெள்ளிக்கிழமை மண்டல ஆபீஸ் போயிட்டு வந்தேன். நம்ம தெருவுக்கு ஏஇ (உதவிப் பொறியாளர்) போட்ட எஸ்டிமேட் கைக்கு வந்துருச்சு. 120 மீட்டர் நீளம், பேவர் பிளாக், ரெண்டு பக்கமும் கெர்ப் கல்லு (ஓரக் கல்லு), முக்குல ஒரு கல்வெர்ட்டு, ஜிஎஸ்டி எல்லாம் சேத்து 9 லட்சம். பொது நிதியில இப்போதைக்கு வழியில்லையாம். நமக்கு நாமே திட்டத்துல வந்தீங்கன்னா சீக்கிரம் எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. அதுல மூணுல ஒரு பங்கு நாம கட்டோணும், அதாவது 3 லட்சம். எல்லாரும் உங்க கருத்த சொல்லுங்க.

மளிகைக்கடை அண்ணா: 3 லட்சமா?? ஏங்க 2022ல வீட்டு வரி ஏத்துனாங்க, எங்க வீடு 1200 சதுர அடிக்குள்ள அதுக்கே 50 பர்சன்ட் ஏறுச்சு, ஒரு வருசம் கூட பாக்கி வெக்காம கட்டிட்டு இருக்கறோம், அந்தக் காசெல்லாம் எங்க போகுது, ரோட்டுக்கு மறுபடியும் நம்மகிட்டயே வந்து நின்னா எப்படி

கார்னர் வீட்டு அக்கா: அதேதான் நானும் கேக்கறேன். நாங்க மெயின் ரோட்டுப் பக்கம் வாசல் வெச்சிருக்கோம், இந்தத் தெருவுல எங்களுக்கு மதில் மட்டும்தான். நாங்களும் பங்கு போடோணுமா?

ஓவர்சியர் ஐயா: கண்ணுகளா ரெண்டு பேரும் கேக்கறது நியாயம்தான். நான் இதே வேலையில முப்பது வருசம் கெடந்தவன், தெரிஞ்சத சொல்றேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுமையா படிங்க. வீட்டு வரியில வர்றது பெரும்பகுதி சம்பளம், பென்ஷன், தெருவிளக்கு கரண்ட் பில்லு, குப்பை எடுக்கறது இதுலயே கரைஞ்சு போயிரும். மேல இருந்து வர்ற காசுலதான் புது வேலை எடுக்கோணும். மாநிலத்தோட சொந்த வரி வருமானத்துல 10 பர்சன்ட் உள்ளாட்சிக்குன்னு பிரிச்சுக் குடுக்கறாங்க. மத்தியில 15வது நிதிக்குழு 2021-26க்குன்னு குடுத்த காசுல, பத்து லட்சம் ஜனத்தொகைக்குக் கீழ இருக்கற ஊருக்கு 60 பர்சன்ட் குடிதண்ணி, சாக்கடை, குப்பைக்குன்னு கட்டிப் போட்டுத்தான் வந்துச்சு, அதத் தொட்டு ரோடு போட முடியாது. வரி ஏத்துனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குது, சொத்து வரிக்கு குறைஞ்சபட்ச ரேட்டு அறிவிச்சாத்தான் அந்தக் கிராண்டேன்னு கண்டிசன் வெச்சாங்க.

ஓவர்சியர் ஐயா: ரோட்டுக்குன்னு தனித்தனி திட்டம் இருக்குது. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், நகர்ப்புற சாலைத் திட்டம், எம்எல்ஏ தொகுதி நிதி. எம்எல்ஏ நிதி வருசம் 3 கோடிதான், தொகுதி முழுசுக்கும் அதுதான். வார்டுல எந்த ரோடு மொதல்லன்னு ஏஇ ஒரு லிஸ்ட் எழுதுவாரு, கவுன்சிலர் முன்னப் பின்ன மாத்துவாரு, கமிஷனர் பாத்து மன்றத்துல தீர்மானம் ஆகும். பஸ் போற ரோடு, பள்ளிக்கூட ரோடு, ஆஸ்பத்திரி ரோடு இதுக்குத்தான் மொத எடம். 24 மனை இருக்கற முட்டுத் தெரு எப்பவும் கடைசிப் பக்கத்துலதான் இருக்கும். நானே அப்படி லிஸ்ட் எழுதியிருக்கேன்.

டீச்சரக்கா: ஐயா அப்ப காசு கட்ட முடிஞ்ச தெருவுக்குத்தான் ரோடு வரும்னு ஆகுதே. நமக்குப் பின்னாடி வாய்க்கா ஓரத்துல இருக்கற வீட்டுக்காரங்க எல்லாம் தினக்கூலி, அவங்க எந்தக் காலத்துல 3 லட்சம் சேத்துவாங்க? என் கிளாஸ்ல படிக்கற ரெண்டு புள்ளைங்க மழை பேஞ்சா செருப்பக் கையில புடிச்சுட்டு வருதுங்க. இது என் மனசுல உறுத்திட்டே இருக்குது.

ஓவர்சியர் ஐயா: நீ சொல்றது சரிதான் கண்ணு, இந்தத் திட்டத்துல இருக்கற குறையே அதுதான். 1997ல மொத தடவ வந்தப்பவும் இந்தப் பேச்சு இருந்துச்சு, 2011ல தன்னிறைவுத் திட்டம்னு பேரு மாத்துனாங்க, 2021ல மறுபடி பழைய பேருக்கே வந்துச்சு. ஊரகத்துல ஆதிதிராவிடர் குடியிருப்புன்னா அஞ்சுல ஒரு பங்கு போதும்னு தளர்த்தியிருக்காங்க. நல்லதும் ஒண்ணு இருக்குது, காசு கட்டுனவன் எஸ்டிமேட்ட கையில வாங்கிப் பாக்கலாம், வேலை நடக்கறப்ப முன்னாடி நின்னு கேக்கலாம். பாதிக்குப் பாதி கட்டுனா வேலையையே நாமளே எடுத்துச் செய்யலாம்னு வழி இருக்குது. நம்மளால அது ஆகாது, சும்மா தெரிஞ்சு வெச்சுக்கங்க.

மளிகைக்கடை அண்ணா: சரிங்கய்யா இப்ப கொஞ்சம் புரியுது. அப்ப ஆளுக்கு எவ்வளவு?

செயலாளர் அண்ணா: 24 மனைக்கும் சமமாப் போட்டா 12,500. ஆனா வீடு கட்டியிருக்கறது 18தான், 6 காலி மனை. வீட்டுக்காரங்க மட்டும்னா ஆளுக்கு 16,700 கிட்ட வரும்.

மனை 19 (சென்னை): வணக்கம் சார். நாங்க இன்னும் வீடே கட்டல, வருசத்துக்கு ஒரு தடவதான் வர்றோம். காலி மனைக்கும் சமமா கேட்டா எப்படி சார்? பாதி குடுக்கறோம்.

மளிகைக்கடை அண்ணா: ரோடு வந்தா மொதல்ல ரேட்டு ஏறுறது காலி மனைக்குத்தானுங்க. நாளைக்கு விக்கறப்ப பேவர் பிளாக் ரோடு, கார் நேரா வாசல்ல வந்து நிக்கும்னுதானே சொல்லுவீங்க.

ஓவர்சியர் ஐயா: இதுல சண்ட வேண்டாம். மனைக்கு முகப்பு எத்தன அடியோ அந்தக் கணக்குலதான் போடோணும், நம்ம மனை எல்லாமே 30 அடி முகப்பு, அதனால மனைக்கு 12,500ங்கறதுதான் சரியான கணக்கு. கார்னர் வீட்டுக்கு இந்தப் பக்கம் வாசல் இல்லீன்னாலும் செப்டிக் டேங்க் லாரி இந்தத் தெருவுக்குள்ளதான் வருது, அத அவங்களே யோசிச்சு ஒரு தொகை சொல்லட்டும்.

கார்னர் வீட்டு அக்கா: ஆமாங்கய்யா லாரி அந்தப் பக்கம்தான் நிக்குது. பாதி குடுத்தர்றோம்.

டீச்சரக்கா: எல்லாரும் ஒரு நிமிசம் இருங்க. 3 லட்சம் குடுக்கறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு கேள்வி இருக்குது. நம்ம லேஅவுட் அப்ரூவல் இல்லாதது, 2016 அக்டோபர் 20க்கு முந்தி வித்த மனைங்கறதால 2017 விதியில வரன்முறை பண்ணுனோம், அதாவது காசு கட்டி அப்ரூவல் வாங்குனோம். அப்ப வரன்முறைக் கட்டணம்னு ஒண்ணு, வளர்ச்சிக் கட்டணம்னு ஒண்ணு, ரெண்டு தொகை தனித்தனியா கட்டுனோமே ஞாபகம் இருக்குதா? இப்பத்தான் பீரோவத் தொறந்து ரசீத எடுத்தேன், மடிப்புல கிழிஞ்சு போச்சு ஆனா எழுத்து தெளிவா தெரியுது. வளர்ச்சிக் கட்டணம் எதுக்கு வாங்குனாங்க? இந்த ரோடு, வெளக்கு, சாக்கடைக்குத்தானே? அந்தக் காசு என்னாச்சுன்னு கேக்காம இன்னொரு காசு ஏன் குடுக்கோணும்

மளிகைக்கடை அண்ணா: அக்கா 👏👏

செயலாளர் அண்ணா: அட ஆமாங்க எனக்கு இது தோணவே இல்ல. என்கிட்டயும் ரசீது இருக்கோணும்.

ஓவர்சியர் ஐயா: நல்ல புடி புடிச்சேம்மா. அந்தத் தொகை எந்தக் கணக்குத் தலைப்புல இருக்குது, நம்ம லேஅவுட்டுல இருந்து மொத்தம் எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு, எந்த வேலைக்கு, இந்த நாலையும் எழுத்துல கேக்கோணும். தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூவா கட்டணம், 30 நாள்ல பதில் குடுத்தாகோணும். வாயில கேட்டா வாயிலயே பதில் சொல்லி அனுப்பிருவாங்க. எல்லாரும் ரசீது ஜெராக்ஸ் எடுத்து செயலாளர்கிட்ட குடுங்க. இன்னொன்னு, தெரு மாநகராட்சி பேருக்கு தானப் பத்திரம் ஆயிருக்குதான்னும் பாக்கோணும், மனை போட்டு வித்த புரமோட்டர் எழுதிக் குடுக்காம விட்டிருந்தா எந்தத் திட்டத்துலயும் ஒத்த ரூவா போட மாட்டாங்க.

செயலாளர் அண்ணா: தானப் பத்திரம் ஆயிருக்குதுங்கய்யா, நகல் என்கிட்ட இருக்குது.

ஓவர்சியர் ஐயா: அது போதும். இன்னும் ஒரு விசயம், இத யாரும் லேசா எடுத்துக்காதீங்க. புது குடிதண்ணிக் குழா நம்ம தெருவுக்கு இன்னும் பதிக்கல. அடுத்த தெரு வரைக்கும் நோண்டிட்டாங்க. ரோட்டப் போட்டுட்டு அப்புறம் குழாய்க்கு வெட்டுனா நம்ம 3 லட்சமும் மண்ணுக்குள்ள போயிரும். பேவர் கல்ல எடுத்துத் திரும்ப அடுக்கலாம்தான், ஆனா அடியில வெட்மிக்ஸ் (ஈர ஜல்லிக் கலவை) போட்டு ரோலர் ஓட்டாம வெறும் எம்சாண்டக் கொட்டி அடுக்குவாங்க, ஒரே மழையில தொட்டி மாதிரி உள்வாங்கிரும். அதனால மொதல்ல குழா, வீட்டுக்கு வீடு கனெக்சன், அப்புறம்தான் ரோடு.

ஓவர்சியர் ஐயா: மட்டமும் முக்கியம். பழசு மேல புதுசு ஏத்தக்கூடாது, சுரண்டி எடுத்துட்டுத்தான் போடோணும்னு 2021ல தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டிருக்காரு. எங்க கேட்டுத் தூணுல சாக்பீஸ்ல ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன், போய்ப் பாருங்க. ரோட்டு மட்டம் அந்தக் கோட்டுக்கு மேல வந்தா 9, 10, 11 மூணு வீட்டுக்கும் தண்ணி உள்ள வரும்.

ஞாயிறு இரவு

கடைசி வீடு தம்பி: எல்லாரும் பேசுனத இப்பத்தான் படிச்சேன்ங்க, செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு வந்தேன். ஐயா சொல்றதெல்லாம் சரிதான். ஆனா குழா வந்து, பதில் வந்து, டெண்டர் வந்து, ரோடு வர்றதுக்கு எத்தன மாசம் ஆகும்? அப்பாவுக்கு வாரம் ரெண்டு நாள் டயாலிசிஸ். மழை பேஞ்சா ஆட்டோ முக்குலயே நின்னுருது, உள்ள வந்தா சிக்கிக்கும்ங்கறாங்க. போன வியாழக்கிழமை நானும் மாமாவும் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வெச்சு தூக்கிட்டுப் போனோம், 14வது மனைகிட்ட சேத்துல என் காலு புதைஞ்சு சேரு ஒரு பக்கம் சாஞ்சுருச்சு, அப்பா என் சட்டையக் கெட்டியா புடிச்சுக்கிட்டாரு. திரும்பி வர்றப்ப அவரு ஒரு வார்த்த பேசல. நான் யாரையும் குறை சொல்லல, எனக்கு இந்த மழைக்கு என்ன வழின்னு மட்டும் சொல்லுங்க. என் பங்கு பணம் ரெடியா இருக்குது.

டீச்சரக்கா: தம்பி 😢 எங்ககிட்ட ஏன்ப்பா சொல்லல

மளிகைக்கடை அண்ணா: டேய் ஒரு போன் பண்ணியிருந்தா நான் கடைய விட்டுட்டு ஓடியாந்திருப்பேன். இனி செவ்வாய் வியாழன் காலைல நான் வந்துர்றேன், இது முடிவு.

ஓவர்சியர் ஐயா: தம்பி, நான் மழைக்குள்ள ரோட்டுக்கு அவசரப்பட வேண்டாம்னு பேசிட்டே இருந்துட்டேன், கடைசி வீட்ட நெனைக்கல, மன்னிச்சுக்கோ. ரெண்டையும் தனியாப் பிரிச்சுக்கலாம். இப்போதைக்கு 12ல இருந்து 24வது மனை வரைக்கும், பள்ளமா இருக்கற எடத்துல கிராவலும் குவாரி வேஸ்ட்டும் கொட்டி, ஜேசிபி வெச்சு நடுவுல மேடு, ரெண்டு ஓரமும் சரிவு வர்ற மாதிரி நெரவி விட்டா போதும். தண்ணி நின்னாத்தான் சேறு, ஓடுனா சேறு இல்ல. குழா பதிக்கறப்ப அத வெட்டுனாலும் பெருசா நட்டமில்ல. மனைக்கு 1,000 ரூவா போட்டா முடிஞ்சுரும்னு நெனைக்கறேன், லோடு ரேட்ட நாளைக்கு விசாரிக்கறேன்.

மனை 19 (சென்னை): சார் 1,000 இப்பவே அனுப்பிட்டேன். ரோட்டுக்கு 12,500 முழுசாவே குடுக்கறோம், பாதின்னு சொன்னத விட்டுருங்க. எங்க மனையிலயே ஜல்லி கொட்டி வெச்சுக்கலாம், எடம் காலியாத்தானே இருக்குது.

கார்னர் வீட்டு அக்கா: நானும் அனுப்பிட்டேன்.

செயலாளர் அண்ணா: 16வது மனை ஆத்தா தனியா இருக்காங்க, முதியோர் பென்ஷன்ல ஓட்டறாங்க. அவங்ககிட்ட இந்த 1,000மும் கேக்க வேண்டாம், அந்த 12,500ம் கேக்க வேண்டாம். மத்தவங்க பிரிச்சுக்கலாம். யாருக்காச்சும் ஆட்சேபணை இருந்தா எனக்குத் தனியா சொல்லுங்க, குரூப்புல போட வேண்டாம், அவங்க பேத்தி குரூப்ப படிச்சுக் காட்டும்.

செவ்வாய்

செயலாளர் அண்ணா: தகவல் உரிமை மனு பதிவுத் தபால்ல போட்டாச்சு, 15 பேரோட ரசீது ஜெராக்ஸ் இணைச்சிருக்கு. வார்டு பகுதி சபா கூட்டம் அடுத்து எப்பன்னு கேட்டிருக்கேன், தேதி தெரிஞ்சதும் போடறேன், வீட்டுக்கு ஒருத்தராவது வந்தே ஆகோணும். நம்ம தெருவும் டீச்சர் சொன்ன வாய்க்கா ஓரத் தெருவும் ரெண்டையும் சேத்தே ஒரே மனுவா குடுக்கறோம், அவங்களுக்கு பொது நிதியில எடுக்கோணும்னு எழுதியிருக்கு. நமக்கு நாமே 3 லட்சத்துக்கு இப்போதைக்கு யாரும் பணம் குடுக்க வேண்டாம், வளர்ச்சிக் கட்டணக் கணக்கு வந்ததும், குழா பதிச்சு முடிச்சதும் கூடிப் பேசி முடிவு எடுப்போம்.

டீச்சரக்கா: மனுவுல மட்டம் பத்தியும் எழுதுனீங்களாண்ணா? ஐயா சாக்பீஸ் கோடு போட்டது மழையில அழியுது, நான் எனாமல் பெயிண்ட்ல போட்டு விட்டுட்டேன். போட்டோவும் எடுத்து வெச்சிருக்கேன்.

செயலாளர் அண்ணா: எழுதியாச்சும்மா.

புதன்

ஓவர்சியர் ஐயா: நாளைக்குக் காலைல 6 மணிக்கு ரெண்டு டிப்பர் கிராவல் வருது, பின்னாடியே ஜேசிபி. 12வது மனையில இருந்து அந்தப் பக்கம் யாரும் ரோட்டுல வண்டி நிறுத்தாதீங்க, ராத்திரியே உள்ள எடுத்து வெச்சுருங்க. தம்பி, நாளைக்கு டயாலிசிஸ் எத்தன மணிக்கு?

கடைசி வீடு தம்பி: 11 மணிக்குங்கய்யா.

ஓவர்சியர் ஐயா: 10க்குள்ள கடைசி வரைக்கும் நெரவிரலாம். ஆட்டோவ வாசலுக்கே வரச் சொல்லு, நான் முக்குல நின்னு பாத்து உள்ள விடறேன்.