டிரியனின் மூக்கு எங்கே?

மேலூர்க்காரன்: நேற்று ஒரு தம்பி இங்கே எழுதியிருந்தார்: 'கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரைப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்துக்கு வந்தேன். இரண்டும் ஒன்றுதான்.' படிக்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. இரண்டும் ஒன்றா? அப்படியானால் கதையில் வரும் குள்ளப் பிரபு டிரியனின் மூக்கு எங்கே? புத்தகத்தின் இரண்டாம் பாகத்தில், பிளாக்வாட்டர் சண்டையில், வாள் முகத்தைக் குறுக்கே கிழித்து மூக்கில் முக்கால்வாசியைக் கொண்டுபோய்விடும். தொடரில் முகத்தில் ஒரு கோடு. போகப் போக அந்தக் கோடும் அவருக்கு அழகாகிவிட்டது!

வைகைக்கரை: அந்தத் தம்பி நான்தான் அண்ணே, பெயரைச் சொல்லியே திட்டலாம். முதல் புத்தகம் 1996இல் வந்தது. 2011 ஏப்ரலில் தொடர் ஆரம்பிக்கும்வரை மதுரையில் எத்தனை பேர் அதை எழுதிய மார்ட்டினைப் படித்தார்கள்? நான் வாங்கிய பிரதியின் அட்டையில் சிம்மாசனத்தில் தொடரில் நடித்த ஷான் பீன் உட்கார்ந்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். அதில் என்ன குற்றம்?

மேலூர்க்காரன்: மூக்கைக் கேட்டால் அட்டையைக் காட்டுகிறீர்கள்.

சிம்மக்கல் வாசகி: ஒரு தகவல். பிளாக்வாட்டர் எபிசோடுக்குத் திரைக்கதை எழுதியதே ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின்தான். 2012, இரண்டாம் சீசன், ஒன்பதாவது எபிசோட். மூக்கைப் படைத்தவரே சும்மா இருக்கிறார். மேலூர்க்காரருக்கு எங்கே வலிக்கிறது?

வைகைக்கரை: அப்படிப் போடுங்க அக்கா!

மேலூர்க்காரன்: திரைக்கதை எழுதுகிறவரா மேக்கப் செலவை முடிவு செய்கிறார்? ஒவ்வொரு எபிசோடிலும் மூக்கை அழிக்கக் காசு வேண்டும், டிரியனாக நடித்த பீட்டர் டிங்க்ளேஜின் முகமும் வேண்டும், அதனால் கோட்டோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. ஆனால் அந்த மூக்கு வெறும் காயம் இல்லை. டிரியனுக்கும் சான்சாவுக்கும் நடக்கும் கல்யாணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் மணமேடையில் அவள் மண்டியிட மாட்டேன் என்று விறைப்பாக நிற்பாள். டிரியன் மேலாடையைப் போர்த்தத் தோள் எட்டாது. கடைசியில் கோமாளி டோன்டோஸின் முதுகில் ஏறி நின்று போர்த்துவார், சபையே சிரிக்கும். தொடரில் அவர் பாவமாக ஒரு வார்த்தை கேட்டதும் அவளே மண்டியிட்டுவிடுகிறாள். ஏன்? அந்த மூஞ்சியைப் பார்த்து யாருக்கும் அருவருப்பு வராது. டிரியனையே நல்லவராக்கிவிட்டார்கள். மூக்கை விட்டால் மொத்தமும் போச்சு. இது தொடர் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

வைகைக்கரை: தெரியாமல் என்ன? நானும் அந்த அத்தியாயத்தைப் படித்தவன்தான். புத்தகத்தில் இன்னொரு முக்கியப் பாத்திரமான டெனேரிஸுக்குக் கதை தொடங்கும்போது 13 வயது. தொடரில் ஏற்றினார்கள். அதையும் அப்படியே எடுத்திருக்கலாம் என்பீர்களா?

மேலூர்க்காரன்: வயதை நான் கேட்டேனா? மூக்கைக் கேட்டேன்.

திருநகர் சேது: பொன்னியின் செல்வன் படத்தில் மணிமேகலை என்ற பெண்ணையே காணோம். நாமெல்லாம் பொறுத்துக்கொள்ளவில்லையா? ஒரு மூக்குக்கு இந்தப் பாடா?

மேலூர்க்காரன்: சேது சார், அது வேறு பஞ்சாயத்து. முதல் பாகம் வந்தபோதே உங்களோடு மல்லுக்கட்டியாயிற்று. கல்கியையே படம் பார்த்த பிறகு படித்தவர் நீங்கள்.

திருநகர் சேது: பள்ளிக்கூடத்திலேயே ஐந்து பாகமும் படித்தவன் நான். வாய்க்கு வந்ததை எழுத வேண்டாம்.

சிம்மக்கல் வாசகி: இருங்கள் இருங்கள். சான்சா கல்யாணம் மூன்றாம் பாகத்தில் அல்லவா வருகிறது? கோமாளி முதுகுவரை ஒப்பிக்கிறீர்களே, எந்தப் பிரதியைப் பார்த்து? தமுக்கம் புத்தகத் திருவிழாவில் என்னிடம் 'ஒரு வாரத்தில் தருகிறேன் மேடம்' என்று வாங்கிப் போனது அந்த மூன்றாம் பாகம்தானே?

மேலூர்க்காரன்: தர மாட்டேன் என்றா சொன்னேன்? அதோடு அது திருட்டுப் பதிப்பு. கடைசிப் பக்கங்களில் எழுத்து சரிந்து கிடக்கிறது.

சிம்மக்கல் வாசகி: புது மண்டபத்தில் பழைய புத்தகக் கடைகள் இருந்தபோது பேரம் பேசி வாங்கியது. திருட்டுப் பதிப்பாம்! அதை வைத்துத்தானே இங்கே எங்களுக்கு வகுப்பு எடுக்கிறீர்கள்?

வைகைக்கரை: அண்ணே, இரவல் புத்தகத்தை வைத்துக்கொண்டா என் வாசிப்பை அளந்தீர்கள்? தொடர் 73 எபிசோடில், 2019இல், நல்லதோ கெட்டதோ முடிந்தது. உங்கள் ஐந்தாம் பாகம் 2011 ஜூலையில் வந்தது. ஆறாவது எங்கே?

மேலூர்க்காரன்: அந்த முடிவைப் பார்த்த பிறகுமா பெருமை பேசுகிறீர்கள்? கடைசி சீசன்களை அவர்களாகவே எழுதிக்கொண்டார்கள். மூக்கில் கைவைத்த அன்றே எனக்குத் தெரியும், இது இங்கேதான் வந்து நிற்கும் என்று.

திருநகர் சேது: கல்கி விஷயத்துக்குப் பதில் வரவில்லை.

சிம்மக்கல் வாசகி: ஞாயிறு காலை சிம்மக்கல் நூலக வாசலில் இருப்பேன். புத்தகத்தோடு வாருங்கள்.

மேலூர்க்காரன்: ஞாயிறு முகூர்த்த நாள். எங்கள் பக்கம் கல்யாணம் இருக்கிறது.

சிம்மக்கல் வாசகி: போன தடவை கேட்டபோது காதுகுத்து.